எத்தனை டன் கிரேன் என்று கேட்காதீர்கள்!



எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலை அடிவாரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் யாராவது வீடு கட்டினால் சித்தாள் தலையில் சாந்துச் சட்டி, சுவரோரம் மூங்கில் சாரம், மேலே தூக்கக் கயிறும் கப்பியும், அவ்வளவுதான் சாமான். இன்று மூன்றாவது மாடிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி ஏற்ற வேண்டுமென்றால்கூட போன் போட்ட ஒரு மணி நேரத்தில் ஹைட்ரா வந்து நிற்கிறது. வண்டி நின்றதும் கூடியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டன்னுங்க?" ஆபரேட்டர் சொல்வார், "பதினாலு டன்னுங்க." தூக்க வேண்டிய சாமானோ இரண்டு டன் இருக்கும். அப்புறம் என்ன பயம் என்று எல்லோரும் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

நானும் அப்படி நின்றவன்தான். மூன்று வருடம் சிவில் டிப்ளமோ படித்தும் அந்தக் கேள்வி தப்பான கேள்வி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாடத்தில் இல்லாமலில்லை. இருக்கிறது. மெக்கானிக்ஸ் புத்தகத்தில் ஏற்றப்பலகைக் கணக்காக, இரண்டு பக்கமும் இரண்டு எடை வைத்த ஒரு கோடாக இருக்கிறது. அந்தக் கோடுதான் ரோட்டில் நிற்கிற ஹைட்ரா என்று பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை. 2024 மே மாதம் ட்ரெயினிங் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கு.

நம் ஊர்ப் பக்கம் அதிகம் பார்க்கும் ஹைட்ராவையே எடுத்துக்கொள்வோம். சுமையைத் தூக்கிக்கொண்டு டயர்மேலேயே நகரும் வண்டி. இது முன்பக்கம் கவிழ்ந்தால் முன் டயரை அச்சாக வைத்துத்தான் கவிழும். வண்டியின் எடை 12 டன் என்றும், அந்த எடை முழுவதும் முன் டயருக்கு 2.5 மீட்டர் பின்னால் ஒரு புள்ளியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். (கணக்குக்காக நானே எடுத்த எண்கள். பூமின் எடையையும் விட்டுவிட்டேன்.) கவிழாமல் பிடித்திருக்கும் மொமென்ட் 12 × 2.5 = 30 டன்-மீட்டர். இனிமேல் இந்த 30 மாறாது. முன் டயரிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் சுமை தொங்கினால் 20 டன்னில் வண்டி கவிழும். கவிழும் எடை வரைக்கும் தூக்க யாரும் அனுமதிப்பதில்லை. அதில் நான்கில் மூன்று பங்கு, அல்லது அதற்கும் குறைவாகத்தான் கம்பெனி அட்டவணையில் போடுவார்கள். ஆக 15 டன். இதுதான் ஆபரேட்டர் பெருமையாகச் சொல்லும் "பதினாலு டன்".

இப்போது பூமை நீட்டுங்கள். 3 மீட்டரில் கவிழும் எடை 10 டன், அனுமதி ஏழரை. 6 மீட்டரில் அனுமதி 3.75 டன். காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்றுகொண்டு மாடியின் நடுவுக்குத் தொட்டியைக் கொண்டுபோக 10 மீட்டர் நீட்டினால்? கவிழும் எடையே 3 டன். அனுமதி இரண்டேகால் டன். அந்த இரண்டேகாலில் கொக்கி, ஸ்லிங், ஷாக்கிள் எல்லாவற்றின் எடையும் அடக்கம். பதினாலு டன் வண்டி, இரண்டு டன் தொட்டியை எடுத்துக்கொண்டு கவிழுவதற்கு ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறது! கீழே நிற்கும் நாமோ, "பதினாலு டன் வண்டிக்கு இது ஒரு கனமா?" என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இது வண்டி அசையாமல், சமதரையில் நிற்கும்போது. தொங்கும் சுமையோடு நகர்ந்தால் சுமை ஊஞ்சலாடும். ஆடி முன்னால் போகும்போது தொலைவு கூடுகிறது, கணக்கு மாறுகிறது. ஹைட்ரா நடுவில் ஒடிந்து திரும்பும் வண்டி என்பதால், திருப்பும்போது சுமை ஒரு பக்கமாகப் போய்விடும். பக்கவாட்டில் அதற்கு அகலம் குறைவு. ஒரு பக்க டயர் பள்ளத்தில் இறங்கினால் முடிந்தது.

2023 ஜனவரி 22-ஆம் தேதி இரவு ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்தில் மண்டியம்மன் கோயில் மயிலேறு திருவிழாவில் நடந்தது இதுதான். சாமிக்கு மாலை போடுவதற்காகக் கிரேனில் ஆட்கள் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில், மேடு பள்ளமான தரையில் நகர்ந்த கிரேன் அப்படியே சாய்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எடை என்று பார்த்தால் சில ஆட்களின் எடை, ஒரு டன் இருந்தாலே அதிகம். எடையால் நடந்த விபத்து இல்லை. தரையாலும் நகர்ந்ததாலும் நடந்தது. கிரேன் என்பது சாமான் தூக்கும் கருவி, மனிதனைத் தொங்கவிடும் கருவி அல்ல என்பது வேறு விஷயம். நம்ம பக்கத்திலும் திருவிழா வந்தால் கிரேனில் அலகு குத்தித் தொங்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். நேர்த்திக்கடனைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்தக் கிரேன் ஓடும் ரோட்டில் எந்த இடத்தில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடியிருக்கிறார்கள் என்று பார்த்தார்களா என்றுதான் இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது அப்படி ஒரு மூடின குழியில்தான்.

ட்ரெயினிங் போட்ட இடம் ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த ஒரு குடோன். தூண்கள் நின்றுவிட்டன, மேலே இரும்பு டிரஸ் ஏற்ற வேண்டும். டிரஸ் ஒன்று இரண்டு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. வந்தது லாரிமேல் பொருத்திய 25 டன் கிரேன், நான்கு மூலையிலும் ஜாக்கி இறக்கி நிற்கும் வகை. புத்தகத்தில் அவுட்ரிகர் என்று இருக்கும், சைட்டில் எல்லோரும் ஜாக்கி என்றுதான் சொல்வார்கள். முந்தின நாள் சாயங்காலம் நல்ல கோடை மழை. பின்பக்க ஜாக்கி ஒன்று இறங்கிய இடம், மூன்று நாளைக்கு முன்னால் தண்ணீர் லைன் போட்டு மண் தள்ளி மூடிய பள்ளம். மேலே கிராவல் பரப்பி ரோலர் ஓட்டாமல் விட்டிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு மற்ற இடமும் அந்த இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பள்ளத்துக்கு டேப் பிடித்து அளவு எழுதியவன் நான்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, அந்த மூலையில குழி மூடின எடம்ண்ணே."

"இருபத்தஞ்சு டன் வண்டி தம்பி இது. ரெண்டு டன் கூட இல்ல சாமான். நீ போயி டைம் எழுது."

நான் போய் டைம் எழுதினேன்.

முதல் இரண்டு டிரஸ் நல்லபடியாக ஏறியது. கிரேனுக்குப் பக்கத்தில் இருந்த தூண்கள் அவை. மூன்றாவதைத் தூக்கி, பூமை நீட்டி, பள்ளம் இருந்த மூலைப் பக்கமாகத் திருப்பினார்கள். ஜாக்கி ஒரு சாண் இறங்கியது. ஒரு சாண்தான். கிரேன் கவிழவில்லை. ஆனால் அடியில் ஒரு சாண் சாய்ந்தால் பூம் நுனியில் எத்தனை அடி நகரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரஸ் பக்கவாட்டில் வீசியது. கீழே கயிறு பிடித்து டிரஸைத் திருப்பிக்கொண்டிருந்த ஹெல்பர் அண்ணன், தூணுக்கும் டிரஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. காலையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். கிரேனும் சுமையும் சேர்ந்து 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஜாக்கி இருப்பதால் ஒன்றுக்கு 5 டன் என்று நினைப்போம். அது தப்பு. பூம் ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது அந்த ஒரே ஜாக்கியில் மொத்தத்தில் முக்கால் பங்கு வரைக்கும் இறங்கலாம். 15 டன். ஜாக்கியின் அடித்தட்டு 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர், அதாவது 0.16 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 94 டன் அழுத்தம்! நாம் ஃபவுண்டேஷன் பாடத்தில் காய்ந்த கரிசல் மண்ணுக்கு எவ்வளவு எழுதுகிறோம்? சதுர மீட்டருக்கு 15 டன். நனைந்தால் அதுவும் இல்லை. தள்ளி மூடின மண்ணுக்கு எந்த அட்டவணையும் கிடையாது. ஒரு சின்ன வீட்டுக்குத் தூண் நிறுத்த மூன்றடி, நாலடி தோண்டி, கெட்டித் தரை வருகிறதா என்று பார்க்கிற நாம், வீட்டுத் தூணைவிடக் கனமான ஒரு ஜாக்கியை மேல்மண்ணில் வெறும் தட்டோடு வைக்கிறோம்.

பரிகாரம் பெரிய விஷயமில்லை. பழைய ரயில்வே சிலீப்பர் கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே ஒரு கனமான இரும்புத் தகடு போட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஆக்கிவிட்டால் அதே 15 டன், சதுர மீட்டருக்கு 15 டன்னாக இறங்கிவிடும். கட்டைகளை இடைவெளி விட்டு வைப்பதில் பிரயோஜனம் இல்லை. குழி, சாக்கடை, செப்டிக் டேங்க் இவற்றின் ஓரத்தில் வைப்பதென்றால் குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். மூடின குழி என்றால் தோண்டிப் போட்ட ஆளைத்தான் கேட்க வேண்டும். ஆபரேட்டருக்கு அது தெரியாது. அவர் அன்று காலையில்தான் அந்த ஊருக்கே வருகிறார்.

அதற்குப் பிறகு கிரேன் விபத்துச் செய்தி எது கண்ணில் பட்டாலும் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. வண்டியின் சக்தி போதாமல் விழுந்ததா, வேறு காரணமா என்று. சக்தி போதாமல் விழுந்தது நான் படித்தவரையில் குறைவு.

2015 செப்டம்பர் 11-ஆம் தேதி மெக்காவில் பெரிய பள்ளிவாசல் மேல் கிராலர் கிரேன் ஒன்று விழுந்து 110 பேர் வரை இறந்தார்கள். ஹஜ்ஜுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள். அந்த மாடல் கிரேனின் உச்ச சக்தி 1350 டன். அது விழுந்தபோது ஒரு கிலோகூடத் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பூமைக் கீழே இறக்கி வைக்காமல் உயர்த்தியபடியே விட்டிருந்தார்கள், புயல்காற்று வந்து தள்ளிவிட்டது என்பது விசாரணையில் வந்த செய்தி. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நம் இந்தியத் தரக் குறியீட்டுச் சூத்திரப்படி, நொடிக்கு 10 மீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு 60 நியூட்டன் என்றால் 20 மீட்டர் காற்றில் 240. வேகம் இரண்டு மடங்கு, தள்ளும் விசை நான்கு மடங்கு. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் மழைக்கு முன்னால் மலைப்பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று வருமே, அந்தக் கால் மணி நேரத்தில் அகலமான தகர ஷீட்டையோ ஷட்டரிங் பலகையையோ யாராவது கிரேனில் தொங்கவிட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டவர் கிரேனாக இருந்தால் வேலை முடிந்ததும் பிரேக்கை விடுவித்து, காற்றுத் திசைக்குத் தானாகத் திரும்பும்படி விட வேண்டும். இறுக்கிக் கட்டி வைப்பதுதான் பத்திரம் என்று தோன்றும். நேர் எதிர்.

2009 ஜூலை 12-ஆம் தேதி விடியற்காலை டெல்லி ஜம்ருத்பூரில் மெட்ரோ பாலத்தூணின் தலைப்பகுதி உடைந்து, கர்டர் தூக்கும் லாஞ்சர் கீழே விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். மெட்ரோவின் தலைவர் ஸ்ரீதரன் அன்றைக்கே ராஜினாமா கடிதம் கொடுத்தார், அரசு ஏற்கவில்லை. அதைவிட எனக்குப் பாடமாக இருப்பது மறுநாள் நடந்தது. விழுந்ததை அப்புறப்படுத்த வந்த கிரேன்களே சாய்ந்தன. டி.வி. கேமராக்கள் முன்னால், நாடே பார்க்க! பல கிரேன்கள் சேர்ந்து ஒரு சுமையைப் பிடித்திருக்கும்போது ஒன்று கொஞ்சம் தளர்ந்தாலும், அதன் பங்கு அடுத்த நொடியே மற்றவற்றின் தலையில் ஏறிவிடும். இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிப் போகும்போது ஒருவன் சொல்லாமல் கையை விட்டால் என்ன நடக்குமோ அதுதான். இரண்டு பத்து டன் கிரேன் சேர்ந்தால் ஒரு இருபது டன் கிரேன் ஆகாது.

2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு, சென்னை பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படத்துக்கான வேலையில், விளக்குகளை உயரத்தில் பிடித்திருந்த கிரேன் பக்கத்துக் கூடாரத்தின்மேல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் தளத்தில் 70 டன் கிரேன் சோதனை ஓட்டத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். சோதனை என்பதே தாங்குமா, தாங்காதா என்று பார்க்கத்தான். தாங்காமலும் போகலாம் என்று தெரிந்த நேரத்தில் அத்தனை பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். சரியாக மூன்று ஆண்டு கழித்து 2023 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி, மகாராஷ்டிரத்தில் ஷாபூர் அருகே சம்ருத்தி விரைவுச் சாலைப் பாலத்தில் லாஞ்சர் விழுந்து 20 பேர். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர் இருவரும் உண்டு. நாளைக்கு நம்மில் சிலர் போகப்போகிற வேலைதான் அது.

மூன்றிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. சுமைக்கு அடியிலோ, கிரேனுக்குப் பக்கத்திலோ ஆள் இருந்திருக்கிறார்கள். கிரேன் விழுவதை முழுக்கத் தடுக்க முடியாமல் போகலாம். பூமின் நீளத்துக்கு வட்டம் போட்டுக் கயிறு கட்டி, வேலையில்லாதவரை வெளியே நிறுத்த ஐம்பது ரூபாய்க் கயிறு போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996-ல் தனிச் சட்டம் வந்தது, 1998-ல் மத்திய விதிகள் வந்தன. தூக்கும் கருவியை முதலில் உபயோகிக்கும் முன்பும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவதும் தகுதி பெற்றவர் சுமை வைத்துச் சோதிக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அந்த விதிகளில் உண்டு. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், வண்டி வந்ததும் அந்தச் சர்டிபிகேட்டைக் கேட்டுப் பாருங்கள். "ஆபீஸ்ல இருக்குதுங்க" என்பார்கள். லோடு சார்ட்டைக் கேட்டாலும் அதே பதில்தான். ஆபரேட்டர் கேபினில் ஒட்டியிருக்க வேண்டிய காகிதம் ஆபீஸில் இருந்து யாருக்கு என்ன லாபம்? அதிகச் சுமை ஏறினால் மணியடித்து நிறுத்தும் கருவி சில வண்டிகளில் இருக்கும். அதைச் சாவி போட்டு அணைத்து வைத்திருப்பதும் உண்டு. விபத்து நடந்த பிறகு முதலில் போலீஸ் பிடித்துப் போவது ஆபரேட்டரைத்தான். தரையை அவர் தோண்டவில்லை, வண்டி நிற்கும் இடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, பத்து மணிக்குள் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தியதும் அவர் அல்ல.

இன்னொன்று. கிரேன் வேலையில் கை சிக்னல்கள் உண்டு. தூக்கு, இறக்கு, பூமை நீட்டு, மடக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை. இவற்றை ஒரே ஒரு ஆள்தான் காட்ட வேண்டும், வேறு யார் காட்டினாலும் ஆபரேட்டர் கேட்கக் கூடாது. ஆனால் ஒரு சைகைக்கு மட்டும் விதிவிலக்கு. 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும், சித்தாளே காட்டினாலும், ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். உலகம் முழுக்க இதுதான் முறை. இதை நான் படித்தது விபத்து நடந்து பத்து நாள் கழித்து. மூன்றாவது டிரஸ் திரும்பும்போது ஜாக்கித் தட்டைச் சுற்றி ஈரம் கசிவதை நான் பார்த்தேன். நோட்டு ஒரு கையில், பேனா ஒரு கையில். சூப்பர்வைசர் ஏற்கெனவே ஒரு தடவை திட்டாத குறையாக அனுப்பிவிட்டார், மறுபடியும் போனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ட்ரெயினிங் பையன் கையைத் தூக்கினால் கிரேன் நிற்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. நிற்காமலும் போயிருக்கலாம். ஆனால் நான் தூக்கவில்லை.

ஹெல்பர் அண்ணனை ஆஸ்பத்திரியில் ஒரு தடவையும், வீட்டில் இரண்டு தடவையும் போய்ப் பார்த்தேன். குழி விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பதை இரண்டாவது தடவை போனபோது சொன்னேன். சொல்ல ரொம்ப நேரம் ஆனது. அவர் கோபப்படவில்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்திருந்தார். அப்புறம், "மிச்ச டிரஸ் எல்லாம் ஏத்திட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். ஏற்றியாகிவிட்டது என்றேன்.

"அந்த மூலைக்குக் கட்டை போட்டாங்களா?"

போட்டார்கள். அடுத்த நாளே நாலு சிலீப்பர் கட்டை வந்து இறங்கியது. சைட்டுக்கு வெளியே இருந்த பழைய இரும்புக் கடையிலிருந்து, நடந்தே போய் எடுத்து வந்தார்கள்.